கைமாத்துத் தண்ணீர்

தண்ணீர் வராத வயலை நாலு பேருக்குக் காட்டுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது. இளவரசிக்கு அதுகூட வாய்க்கவில்லை.

குமராட்சியிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கமாக மினி பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, வடிகாலை ஒட்டியே நடந்தால் மோட்டார் கொட்டகை வரும். வடிகால் தண்ணீரை மேலே ஏற்றிவிடுகிற மோட்டார். அங்கிருந்து ஒரு மண் வாய்க்கால் புறப்பட்டு, இரண்டு பக்கத்து வயல்களுக்கும் கொடுத்துக்கொண்டே போய், கடைசியாக முடிகிற இடத்தில் இருக்கிறது இளவரசியின் வயல். வாய்க்கால்தான் அங்கே முடிகிறது. தண்ணீர் அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும்.

திட்டம் வந்தபோது என்ன ஆர்ப்பாட்டம் தெரியுமா? பந்தல் போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள், மேளம்கூட வைத்தார்கள். கொட்டகைச் சுவரில் 'சிறுபாசனத் திட்டம், கடைமடை வரை தண்ணீர்' என்று நீல எழுத்தில் எழுதினார்கள். சுவரும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. விவசாயிகளெல்லாம் சேர்ந்து பாசன சங்கம் வைத்துத் தேவநாதனைத் தலைவராக்கினார்கள். அவர் இளவரசியின் புருஷனுக்குப் பெரியப்பா மகன். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

சங்கத்தில் ஆளுக்கொரு முறை. மோட்டார் போட்டதிலிருந்து கரண்ட் போகிறவரை வருகிற தண்ணீர் முழுக்க முறைக்காரருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொட்டகைக்குப் பக்கத்து வயல்காரருக்கு மோட்டார் போட்ட கையோடு தண்ணீர் விழும். இளவரசியின் முறை வரும்போதோ, காய்ந்து கிடக்கிற அவ்வளவு நீள வாய்க்காலும் முதலில் குடிக்கும். நண்டு வளை குடிக்கும், எலி வளை குடிக்கும். மிச்சமிருப்பது நுரை கட்டிக்கொண்டு அவள் வரப்பை எட்டிப் பார்க்கும் நேரத்தில் கரண்ட் போய்விடும். முறை முடிந்தது. சங்கத்தைக் கேட்டால் இளவரசிக்கும் தண்ணீர் விட்டாயிற்று என்பார்கள். என்ன நியாயமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அந்த ஊரில் தண்ணீருக்குக் கைமாத்தும் உண்டு. ஒருவருக்கு நடவு முந்திக்கொண்டது, இன்னொருவர் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்றால், ஒருவர் முறையை ஒருவர் வாங்கிக்கொள்வார்கள். பிறகு தன் முறை வரும்போது அதைத் திருப்பிவிட வேண்டும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வயலுக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தை வாமடை என்பார்கள். அடுத்தவர் முறைத் தண்ணீர் வந்து நிற்கும்போது உன் வாமடையை உன் கையால் வெட்டித் திறந்தால் நீ வாங்கிக்கொண்டாய் என்று அர்த்தம். திறக்காவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். அடுத்தவர் வாமடையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களில்கூட இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை.

போன வருஷம் இளவரசியின் பயிரைக் கொள்ளிடம் கொண்டுபோயிற்று. இந்த வருஷம் கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழை மார்கழியில் கண்ணை மூடிக்கொண்டது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே ஒரு போகம் நெல் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். புருஷன் ராஜ்கமல் வெள்ளத்துக்குப் பிறகு திருப்பூருக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்தவன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"இந்த ஒரு வெள்ளாமை பாரு இளவரசி. இதுவும் போச்சுன்னா வூட்டைப் பூட்டிட்டு நீயும் கெளம்பி வந்துடணும். பனியன் கம்பெனில பொம்பளைங்களுக்கும் வேலை இருக்குது."

அவளும் சரி என்றாள். அப்போது பயிர் பச்சைப்பசேல் என்று இருந்தது, சரி என்று சொல்வதில் பயமில்லை. ஆனால் அவளுக்குப் போக மனசே கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிற வேலையை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. காலையில் எழுந்ததும் வரப்பில் கால் வைக்காவிட்டால் அன்றைக்கு விடிந்ததாகவே தோன்றாது அவளுக்கு. இந்த நெல் வீட்டுக்கு வர வேண்டும். வந்தால் இருக்கலாம். இல்லையென்றால் பூட்டு.

பக்கத்து வயல் ரசியாவுடையது. அவள் புருஷன் உபைதுல்லா சவுதியில் வண்டி ஓட்டுகிறான். ரசியா இந்த வருஷம் முன்னாலேயே கை கழுவிவிட்டாள். பயிர் சுருண்டதும் தன் ஆடுகளை இறக்கிவிட்டு, "ஆடாச்சும் தின்னட்டும்க்கா" என்று வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அழுதாளா என்று இளவரசி கேட்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. திட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊர் ஊராகப் போய், தண்ணீர் எதுவரைக்கும் போகிறது, யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று மதிப்பீடு செய்கிறார்களாம். கேள்விப்பட்டதும் இளவரசிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வரட்டும். வந்து பார்க்கட்டும். வெடித்துக் கிடக்கிற மண்ணில் அவர்கள் கையையே விட்டுப் பார்க்கட்டும்.

தேவநாதன் கொட்டகையில் கூட்டம் போட்டார். எல்லோரும் வந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பக்கத்து ஊர் கதை தெரியுமில்ல? தண்ணி வரல, தண்ணி வரலன்னு ஆளாளுக்குச் சொன்னானுங்க. என்னா ஆச்சு? இந்தத் திட்டம் இங்க சரிப்படலன்னு மோட்டாரைக் கழட்டி லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. வெறும் கொட்டகைதான் நிக்குது, நாய் படுத்துக் கெடக்குது. நமக்கும் அந்தக் கதி வரணுமா?"

"அதுக்கு?" என்றார் கொட்டகைக்கு அடுத்த வயல்காரர் ராமாமிர்தம்.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வூட்டை எப்படி வச்சிருப்போம்? அப்படி வச்சிருக்கணும். அவுங்க வர்ற அன்னிக்குக் கடைமடை வரைக்கும் தண்ணி நிக்கணும். அதுக்கு முன்னாடி நாளுங்கள்ல மேக்கால, கொட்டகைப் பக்கத்து முறைக்காரங்க கொஞ்சம் விட்டுக் குடுங்க. வாய்க்கால் நனைஞ்சு ஊறிப்போச்சுன்னா தண்ணி தானா ஓடிடும்."

இளவரசி கூட்டத்தின் பின்னாலிருந்து எழுந்தாள். "என் வயல் காஞ்சு கெடக்குது மாமா. காஞ்ச வயலைத்தானே அவுங்க பாக்கணும்? பாத்தாத்தானே இன்னொரு மோட்டாரு, சிமென்ட் வாய்க்கால்னு ஏதாச்சும் பண்ணுவாங்க?"

"பண்ணுவாங்களா, பிடுங்குவாங்களா? உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமா?"

தேவநாதன் கெட்ட மனுஷர் இல்லை. அவள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவர். போன வருஷ வெள்ளத்தில் அவள் வீட்டு அரிசி மூட்டையைத் தன் தலையில் வைத்துத் தூக்கி வந்தவர். ஆனால் விருந்தாளி முன்னால் வீட்டு ஓட்டை தெரியக்கூடாது என்று வளர்ந்த மனுஷர். கிழிந்த பாயைச் சுருட்டி மறைத்துவிட்டு, அடுத்த வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போடுகிற ஊர் அது. மதிப்பீடு செய்ய வருகிறவர்களும் விருந்தாளிதான் என்று எல்லோருக்கும் பட்டது. இளவரசியின் பேச்சு எடுபடவில்லை.

"உன் வயலுக்குத்தான்மா தண்ணி வரப்போவுது. நீயே வேணாங்கிறியே" என்று சிரித்தார் ராமாமிர்தம். கூட்டமும் சிரித்தது.

அவர்கள் வருகிற அன்று காலையில் இளவரசி வயலுக்குப் போனபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குப்பையைத் தள்ளிக்கொண்டு, சருகைப் புரட்டிக்கொண்டு, அவள் முறையில் ஒருநாளும் இல்லாத தெம்போடு வந்துகொண்டிருந்தது. வந்து அவள் வாமடைக்கு முன்னால் முட்டி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

ரசியா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் நின்றாள்.

"அக்கா, தொறக்காதீங்க."

இளவரசி ஏறுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றதைக் கேளுங்க. வயல் காஞ்சே கெடக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க. வந்து பாத்துட்டுப் போனதுக்கப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

இளவரசிக்குத் தெரியாமலா இருக்கிறது? ராத்திரி முழுக்க அதைத்தானே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வாமடையை அடைத்தபடியே வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது, வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வெடிப்பைக் காட்டுவது என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்தாள். மண்வெட்டியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

ஆனால் பயிர் அவள் முன்னால் நின்றது. தொண்டைக்கதிர். கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே உப்பிக்கொண்டு, ஒரு நனைப்புக்காகக் காத்துக்கொண்டு நிற்கிற பருவம். இலை நுனியெல்லாம் பழுப்பு. விளக்கை அணைத்ததும் நேற்று ராத்திரி கண்ணுக்குள் வந்தது அந்தப் பழுப்புதான். கையெட்டும் தூரத்தில் தண்ணீர். தாகத்தால் நாக்கு வெளியே தள்ளிக் கிடக்கிற குழந்தைக்குப் பக்கத்தில் சொம்பை வைத்துவிட்டு, ஆபீசர் வந்து பார்க்கிறவரை பொறு என்று எந்தத் தாய் சொல்வாள்?

அவள் குந்தி உட்கார்ந்து கையாலேயே மண்ணைப் பறித்தாள். நகக்கண்ணில் சேறு ஏறியது. வாமடை திறந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து வெடிப்புகளுக்குள் இறங்கியபோது சட்டியில் எண்ணெய் சுரீர் என்கிற மாதிரி மண் சத்தம் போட்டது. அவள் அப்படியே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று பிறகு நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"போச்சு போங்க" என்று ரசியா ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வெயில் ஏறிய பிறகு வெள்ளை வேன் வந்தது. தேவநாதன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். வந்தவர்களில் பெரிய அதிகாரி ஓர் இளம்பெண், பெயர் பிரிசில்லா. கையில் டேப்லெட், தலையில் தொப்பி, காலில் சேறு படிந்த செருப்பு. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, கடைமடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். தேவநாதன் முகம் மலர்ந்தது. அவள் வாய்க்கால் ஓரமாகவே நடந்து இளவரசியின் வயலுக்கு வந்தாள். பின்னால் ஊரே வந்தது.

வயலில் தண்ணீர் தளதளவென்று நின்றது. பிரிசில்லா படம் எடுத்தாள்.

"நீங்கதான் இந்த வயலாம்மா? கொஞ்சம் உள்ள வந்து நில்லுங்க."

இளவரசி போய் நின்றாள். படம் எடுக்கிறார்கள் என்றதும் கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்தது. பாழாய்ப்போன உதடு கொஞ்சம் சிரித்தும் வைத்தது. பழக்கம், வேறென்ன.

பிரிசில்லா குனிந்து ஓர் இலையைப் பிடித்துப் பார்த்தாள். "நுனி பழுத்திருக்கே. தண்ணி எப்பல இருந்து நிக்குது?"

"இன்னிக்குக் காலைலதாம்மா வந்துச்சு. இத்தினி நாளா வரல. நீங்க வர்றீங்கன்னுதான் விட்டாங்க. அந்தாண்ட பக்கத்து வயலைப் பாருங்க, ஆடு மேஞ்சு மொட்டையாக் கெடக்குது."

பிரிசில்லா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். "அப்படியா?"

தேவநாதன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். "முறைப்படி எல்லாருக்கும் போவுது மேடம். கடைசி வயலு, கொஞ்சம் முன்னப்பின்ன ஆவும். அதைத்தான் சொல்லுது. ஆடு மேஞ்ச வயலு அவுங்களா விட்டுட்டது."

"மத்தவங்க சொல்லுங்க. இவங்க சொல்றது சரிதானா?"

"வருது மேடம், ஒண்ணும் குறையில்ல" என்றார் ராமாமிர்தம். கூட்டமும் தலையாட்டியது. மோட்டார் போடுகிற கதிரவன் குனிந்து தன் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாமே தெரியும்.

பிரிசில்லா இளவரசியைத் தனியாக வரப்போரம் கூட்டிப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா என்னால எழுத முடியாது. போட்டோல தண்ணி நிக்குது. ஊரே வருதுன்னு சொல்லுது. காஞ்ச வயலா இருந்திருந்தா, இந்த ஊருக்கு ரெண்டாவது மோட்டார் வேணும்னு நானே எழுதியிருப்பேன். அதுக்குத்தான் நாங்க வர்றதே."

"காஞ்சிருந்தா மோட்டாரைப் பிடுங்கிட மாட்டாங்களா?"

"யாரு சொன்னா? நேர்ல வந்து பாக்கறது குறையைக் கண்டுபிடிச்சு சரிபண்றதுக்கு. பக்கத்து ஊர்ல மோட்டார் போனது போன்ல சொன்னதால. நாங்க போனதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல கடைமடைக்காரங்க நம்பருக்கு ஒரு கால் வரும். மெஷின் பேசும். தண்ணி வருதுன்னா ஒண்ணு, வரலன்னா ரெண்டு. அதுல வேற எதையும் சொல்ல முடியாது. ரெண்டுன்னு வந்துச்சுன்னா திட்டம் தோல்வின்னு மேல போயிடும். அவ்வளவுதான், வந்து கழட்டிடுவாங்க."

இன்றைக்கு உண்மையைக் காட்டியிருந்தால் இன்னொரு மோட்டார் வந்திருக்கும். இனிமேல் உண்மையைச் சொன்னால் மோட்டார் போகும். கையால் பறித்த அந்த ஒரு பிடி மண்ணில் இவ்வளவு இருந்ததா?

வேன் போன பிறகு தேவநாதன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "பாத்தியா, ஊர் மானம் நின்னுச்சு" என்றார். போன் வரும், இரண்டை அமுக்கினால் மோட்டார் போய்விடும் என்பதை மட்டும் அவரிடம் சொன்னாள். காய்ந்த வயலைக் காட்டியிருந்தால் இன்னொரு மோட்டார் வந்திருக்கும் என்பதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு கதிர் வெளியே வந்தது. அந்த ஒரு நனைப்புக்கே பயிர் தலையைத் தூக்கிவிட்டது. பூத்தது. வரப்பில் நின்றால் நெற்பூ வாசம் வந்தது. இளவரசிக்கு மறுபடியும் ஆசை வந்துவிட்டது. பால் பிடிக்கிற நேரத்தில் இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். தன் முறை வருகிற நாளுக்காகக் காத்திருந்தாள். வாய்க்கால் இன்னும் ஈரமாக இருக்கிறது, இந்தத் தடவை எட்டிவிடும் என்று நம்பினாள்.

முறையன்று மண்வெட்டியோடு கொட்டகைக்குப் போனாள். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ராமாமிர்தத்தின் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கதிரவன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இன்னிக்கு உன் முறை இல்லக்கா."

"என்னாத்துக்கு இல்ல?"

"கைமாத்துத் திரும்புது. நீ அன்னிக்கு வாமடையைத் தொறந்தியே."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நேராகத் தேவநாதன் வீட்டுக்கு நடந்தாள். ராமாமிர்தமும் அங்கேதான் இருந்தார்.

"ஊருக்காகத்தானே மாமா விட்டீங்க? எனக்குன்னு நான் கேட்டேனா? வேணாம்னுதானே சொன்னேன்?"

தேவநாதன் தரையைப் பார்த்தார். ராமாமிர்தம்தான் பேசினார்.

"வேணாம்னா தொறந்திருக்கக் கூடாது. யாரு தொறந்தா? நாங்களா வந்து தொறந்தோம்? எங்க முறையை விட்டுட்டு எங்க பயிரும் நாலு நாள் காஞ்சுதான் கெடந்துச்சு. எனக்கும் பால் பிடிக்கிற நேரம்தான்மா. எனக்கென்ன உம்மேல கோவமா?"

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. அவர்கள் விட்டுக்கொடுத்தது பலருடைய முறை. அதில் பெரும்பகுதியை வாய்க்கால் குடித்தது, கடைசியாக வந்ததுதான் அவள் வயலில் நின்றது. ஆனால் வாய்க்காலிடம் யார் போய்த் திருப்பிக் கேட்பது? வாமடையைத் திறந்தவளிடம்தான் கேட்பார்கள்.

"இப்ப தண்ணி இல்லன்னா எல்லாம் பதராப் போயிடும் மாமா. காலுல வேணா விழறேன். ஒரே ஒரு தடவ."

அவள் நிஜமாகவே குனிந்தாள். தேவநாதன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"ஏம்மா இதெல்லாம்? என் பங்கு முறையை நான் திருப்பிக் கேக்கல. அதை நீயே வச்சுக்க. மத்தவங்களை நான் எப்படிச் சொல்றது? இன்னிக்கு உனக்காக மீறுனா நாளைக்கு வாய்க்கால்ல வெட்டுக் குத்துதான்."

அவர் விட்டுக்கொடுத்த அந்த ஒரு முறை வந்தபோது வாய்க்கால் மறுபடியும் காய்ந்துவிட்டிருந்தது. ரசியாவும் அவளும் வாய்க்காலோடு கூடவே நடந்தார்கள். நண்டு வளைகளில் களிமண்ணை அடைத்தார்கள், குப்பையை வாரினார்கள், "வா, வா" என்று மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி இளவரசி தண்ணீரைக் கூப்பிட்டாள். ரசியாவின் வயலுக்குப் பக்கத்தில் வந்து தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் குடத்தை எடுத்துக்கொண்டு வடிகாலுக்கும் வயலுக்கும் நடந்து பார்த்தார்கள். ஊற்றிய இடம் தெரியவில்லை. ரசியா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "போதும்க்கா, உங்க இடுப்பு போயிடும். அல்லா வுட்ட வழி" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இளவரசி அழுதாள். வாய்விட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒரு காலையில் கதிரைப் பறித்து நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். பால் இல்லை. வேறொரு கதிரைப் பறித்தாள். உமிதான் இருந்தது. கதிரெல்லாம் குனியாமல் விறைத்துக்கொண்டு நின்றன. நிறைந்த கதிர்தானே குனியும்.

அவளே போய் ரசியாவைக் கூப்பிட்டாள். "ஆட்டை ஓட்டிக்கிட்டு வா."

"அக்கா..."

"ஓட்டிக்கிட்டு வாடி. வைக்கோல் ஆவறதுக்குள்ளயாச்சும் தின்னட்டும்."

ராஜ்கமலுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னாள். அவன் ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. சிதம்பரத்தில் ரயில் ஏறச் சொன்னான். அவளுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

கிளம்புகிற அன்று ஒரு பையும் வீட்டுச் சாவியும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் நடந்தாள். சாவியைத் தேவநாதனிடம் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் பெரியவர், அவரிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது? அவர் வயலில்தான் நின்றார். அவர் பயிரும், அடுத்து ராமாமிர்தத்தின் பயிரும் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றன. இன்னும் ஒரு தண்ணீர். அது கிடைத்தால் அறுவடை.

அப்போது போன் அடித்தது. அவள் போனைக் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். போட்டாள்.

"வணக்கம். இது சிறுபாசனத் திட்ட மதிப்பீட்டு அழைப்பு. கடைமடை விவசாயியான உங்கள் வயலுக்குத் தண்ணீர் முறையாக வருகிறதா? வருகிறது என்றால் எண் ஒன்றை அழுத்தவும். வரவில்லை என்றால் எண் இரண்டை அழுத்தவும்."

தேவநாதன் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்ன சொல்லிக் கேட்பார்? எந்த முகத்தோடு கேட்பார்?

இளவரசியின் கட்டைவிரல் இரண்டின் மேல் போய் நின்றது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு அமுக்கு. லாரி வரும், மோட்டாரைக் கழற்றும். அன்றைக்குக் கொட்டகையில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் பதரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். நான் காலில் விழுந்தேனே, அப்போது பேசாமல் இருந்தார்களே. நான் சொல்லப்போவது பொய்யா? சத்தியமான உண்மை. கேட்கிறான், சொல்கிறேன்.

மெஷின் மறுபடியும் முதலிலிருந்து சொன்னது.

அவள் காலடியில் தேவநாதனின் பயிர் வரப்பின் மேல் சாய்ந்து கிடந்தது. ஒரு கதிர் அவள் புடவையில் உரசியது. அவள் குனிந்து ஒரு நெல்லைக் கிள்ளி நசுக்கினாள். வெள்ளையாகப் பால் வந்தது. விரலில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பால் ஒட்டிய விரலால் ஒன்றை அமுக்கினாள்.

"உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. நன்றி."

தேவநாதன் வரப்பில் அப்படியே குந்திவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏம்மா..." என்றார்.

"பயிரைப் பாத்தேன் மாமா. வேற ஒண்ணும் இல்ல."

சாவியை அவர் கையில் வைத்தாள். "வூட்டைப் பாத்துக்குங்க. இன்னும் ரெண்டு பேருக்கு நான் முறை திருப்பணும். என் முறை வரும்போது அவுங்களையே எடுத்துக்கச் சொல்லிடுங்க. நான்தான் இருக்க மாட்டேனே."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையைத் தாண்டும்போது கதிரவன், "மினி பஸ் வந்துடுச்சுக்கா" என்றான். அவள் ஏறி, வயல் தெரியாத பக்கத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள்.